ஊர்க்கோயிலுக்கு ஓர் உடன்படிக்கை: ஸ்மிருதிகளில் எதை எடுப்பது, எதை விடுவது, எப்படி எழுதுவது

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்குத் திருவிழா என்றாலும் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் என்றாலும் முதலில் கூடுவது ஊர்க்கூட்டம்தான். தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, காப்புக் கட்டுவது எந்தக் கிழமை, கரகம் யார் தலையில், கூத்துக்கு எந்த ஜமா என்று எல்லாவற்றையும் பேசி முடித்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வார்கள். எழுத்தில் ஒரு வரி இருக்காது. திருவிழாவின் நடுவில் முதல் மரியாதையில் முட்டிக்கொள்ளும். ஒரு தரப்பு ‘வழக்கம்’ என்னும், மறு தரப்பு ‘சாஸ்திரம்’ என்னும். எந்த நூலில் எந்த இடத்தில் என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் பதில் வராது.

சாஸ்திரத்தை மெய்யாகவே கோயில் வாழ்க்கைக்குப் பயன்படுத்த நினைக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தர்மசாஸ்திரங்களில் இன்றைக்கும் அப்படியே எடுத்து நடத்தக்கூடிய பகுதி, சேர்ந்து வாழ்கிறவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை பற்றியது. யார் பொறுப்பில் இருக்கலாம், பொதுப் பணத்தை எப்படிக் காப்பது, வழக்கை எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் அங்கே நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். நம் ஊர்களில் சாஸ்திரத்தின் பேரைச் சொல்லி நடப்பதோ பெரும்பாலும் அந்தப் பகுதி இல்லை. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பேர் பயன்படுகிறது. இந்த வழிகாட்டி அதைத் திருப்பிப் போடும் வேலை.

சலிக்கும் முறை

மனு, யாக்ஞவல்கியர், நாரதர், பிருகஸ்பதி, பராசரர் என்று ஸ்மிருதிகள் எனப்படும் பழைய தர்ம நூல்கள் பல. ஒன்றோடு ஒன்று முரண்படும். ஒரே நூலுக்குள்ளேயும் முரண்படும். அதனால்தான் யாக்ஞவல்கியருக்கு விக்ஞானேஸ்வரர் எழுதிய மிதாக்ஷரா, பராசரருக்கு விஜயநகர காலத்து மாதவர் எழுதிய உரை போன்றவை தேவைப்பட்டன. தனிச் சுலோகம் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்து சபையில் வைக்கிறவரின் பேச்சை ஏற்க வேண்டாம். எந்த விதியாக இருந்தாலும் நான்கு கேள்வி கேட்டுச் சலித்த பிறகே எடுக்க வேண்டும். நான்கும் அந்த மரபுக்குள்ளிருந்தே வருபவை.

முதல் கேள்வி, நாட்டின் சட்டத்துக்கு மாறானதா? கிராமமோ நாடோ தங்களுக்குள் அறத்துக்காக, அரசுக்கு விரோதமில்லாமல் எழுதிக்கொள்ளும் ஆவணமே உடன்படிக்கைப் பத்திரம் என்கிறார் பிருகஸ்பதி. அவர் காலத்தில் அரசன் இருந்த இடத்தில் இன்றைக்கு அரசியல் சட்டம் இருக்கிறது. இரண்டாவது, இது எல்லோருக்கும் பொதுவான அறமா? கொல்லாமை, வாய்மை, திருடாமை, தூய்மை, புலனடக்கம் ஆகிய ஐந்தும் நான்கு வர்ணத்தாருக்கும் பொது என்று மனு பத்தாம் அத்தியாயத்தில் (10.63) சொல்கிறார். இவற்றுக்கு முரணான சிறப்பு விதி எதுவும் நிற்காது. மூன்றாவது, இது யாருக்காவது துன்பத்தில் முடியுமா, மக்கள் இதை வெறுக்கிறார்களா? அப்படியானால் தர்மம் என்று பேர் பெற்றதையும் விட்டுவிடு என்று மனுவும் (4.176) யாக்ஞவல்கியரும் (1.156) ஒரே குரலில் சொல்கிறார்கள். நான்காவது, காரணத்துக்குப் பொருந்துகிறதா? சாஸ்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது, யுக்தியில்லாத விசாரணையால் தர்மம் கெடும் என்பது பிருகஸ்பதியின் வாக்கு.

விடுவதற்கு முன்மாதிரியும் உண்டு. நியோகம் (கணவனின் உறவினர் மூலம் பிள்ளை பெறுவது) முதலான பழைய நடைமுறைகள் பலவற்றைக் கலியுகத்தில் தள்ள வேண்டியவை என்று நிபந்தகாரர்களே, அதாவது ஸ்மிருதிகளைத் தொகுத்து நூல் செய்த பிற்காலத்து ஆசிரியர்களே, பட்டியல் போட்டு நீக்கியிருக்கிறார்கள். ‘காலங்காலமாக எதையும் மாற்றியதில்லை’ என்று சபையில் யாராவது சொன்னால் இந்தப் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள்.

இனி, சலித்தால் கீழே விழுவது. மனுவின் எட்டாம் அத்தியாயத்தில் ஒரே குற்றத்துக்கு வர்ணத்துக்கு ஒரு தண்டனை. சூத்திரனுக்குப் படிப்பு, சொத்து பற்றிய தடைகள். சண்டாளர் என்று ஒதுக்கி ஊருக்கு வெளியே வைக்கும் விதிகள். இவற்றை மூடி மறைக்கவும் வேண்டாம், புது விளக்கம் சொல்லிச் சமாளிக்கவும் வேண்டாம். நான்கு கேள்வியில் ஒன்றுக்குக்கூட இவை தேறாது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குப் பல் கொடுத்திருக்கின்றன. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவு 1947-லேயே சட்டமாகிவிட்டது. உடன்படிக்கையில் இதற்கு மாறாக ஒரு சொல் இருந்தாலும் அது குற்றத்துக்கு எழுதிக் கொடுத்த சாட்சியாகிவிடும்.

எந்தக் கோயில் என்று தீர்மானியுங்கள்

எழுத உட்காரும் முன் கோயிலின் நிலையைப் பாருங்கள். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில் என்றால் அறங்காவலர் நியமனம், ஏலம், உண்டியல் திறப்பு, நிலம் எல்லாம் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படிதான். ஊர் உடன்படிக்கை திருவிழாவுக்கும் தெருக்களின் பொறுப்புக்கும் மட்டுமே செல்லும். துறையின் கீழ் வராத ஊர்க்கோயில் என்றால் சங்கமாகப் பதிவு செய்வது நல்லது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது 7 பேர் வேண்டும். உடன்படிக்கையையே துணைவிதியாகத் தாக்கல் செய்துவிடலாம்.

மூன்றாவது வகை பங்காளிகள் கும்பிடும் குலதெய்வக் கோயில். இந்த இரு மாவட்டங்களிலும் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடும் கோயில்கள் நிறைய. பங்காளிகள் மட்டும் பொங்கலிடும் இடத்தில் வரி, முறை எல்லாம் அவர்கள் பாடு. ஆனால் ஊரே உரிமையோடு வந்து கும்பிடத் தொடங்கிவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது பொதுக் கோயில். ‘எங்கள் பங்காளிக் கோயில்’ என்று சொல்லி ஒருவரைத் தடுக்க முடியாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பூட்டுப் போட்டு வழக்கில் மாட்டியவர்கள் பலர்.

உடன்படிக்கையின் உறுப்புகள்

எதற்கெல்லாம் உடன்படிக்கை எழுதலாம் என்று பிருகஸ்பதி ஒரு பட்டியல் தருகிறார். சபை மண்டபம், தண்ணீர்ப் பந்தல், கோயில், ஏரி, தோப்பு ஆகியவற்றைப் பழுது பார்ப்பது, ஆதரவற்றவர்க்கும் ஏழைகளுக்கும் செய்யும் சடங்கு, வழிபாடு. இதை அப்படியே தலைப்புகளாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்களில் வழிபாடு ஒன்றுக்கு மட்டும் வரி வாங்கிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். மொத்த வரவில் ஒரு பங்கை, பத்தில் ஒன்றாவது, ஏரிக்கும் தண்ணீருக்கும் ஆதரவற்றவர் இறுதிச் சடங்குக்கும் என்று தனியே ஒதுக்கி எழுதுங்கள்.

முதல் விதி, யார் ஊரார் என்பது. இதில்தான் பாதித் தகராறு பிறக்கிறது. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் என்று வாய்மொழியாக வைத்துக்கொண்டால் கைம்பெண் நடத்தும் வீடு, கணவன் விட்டுப்போன பெண்ணின் வீடு, ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட குடும்பம் எல்லாம் விடுபடும். ‘ஊர் எல்லைக்குள் தனி அடுப்பு எரியும் ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. வீட்டுக்கு ஒருவர், ஆணோ பெண்ணோ, கூட்டத்தில் பேசலாம், கை தூக்கலாம். காலனியும் ஊரே’ என்று எழுதுங்கள். காலனி என்பது தலித் மக்கள் குடியிருப்பு. அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

பல ஊர்களில் காலனியில் வரி வாங்குவதில்லை. கேட்டால் சலுகை என்பார்கள். அது சலுகை இல்லை. வரி வாங்கினால் கரகத்திலும் தேர் வடத்திலும் பங்கு கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. எல்லா வீட்டிலும் ஒரே வரி வாங்குங்கள். முடியாத வீட்டுக்குக் குறைத்தோ விலக்கியோ கொடுங்கள், ஆனால் அது வருமானத்தைப் பார்த்து இருக்கட்டும், தெருவைப் பார்த்து வேண்டாம். சாமி ஊர்வலம் போகும் பாதையையும் தெருப் பேர் சொல்லி வரிசையாக எழுதுங்கள். ‘எல்லாத் தெருவுக்கும்’ என்று பொதுவாக எழுதினால் அன்றைக்கு மழை வந்தது, மின்கம்பி தாழ்வாக இருந்தது என்று காலனிக்குப் போகாமல் திரும்பக் காரணம் கிடைத்துவிடும். கம்பி தாழ்வாக இருந்தால் காப்புக் கட்டுவதற்கு முன்பே மின்வாரியத்தில் மனுக் கொடுப்பது யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பறை அடிப்பது, பந்தல் போடுவது, சாவுச் சேதி சொல்லப் போவது இவற்றை எந்தக் குடும்பத்தின் மீதும் கடமையாக ஏற்றாதீர்கள். கட்டாய ஊழியத்தை அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கிறது. மேளம் வேண்டுமானால் குழுவோடு பேசி, இத்தனை நாள், நாளைக்கு இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, சாப்பாடு உண்டு என்று எழுதிக் கொடுத்து அழையுங்கள்.

இரண்டாவது விதி, பொறுப்பாளர். அறம் அறிந்தவர், கை சுத்தமானவர், பேராசை இல்லாதவர் ஆகியோரே காரியம் பார்க்க வேண்டும், கூட்டத்தின் நன்மையைச் சொல்லும் அவர்கள் சொல்லை மற்றவர் கேட்க வேண்டும் என்கிறார் யாக்ஞவல்கியர். எத்தனை பேர்? இரண்டு, மூன்று அல்லது ஐந்து என்கிறார் பிருகஸ்பதி. ஐந்துக்கு மேல் போனால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடும். அறநிலையத் துறைச் சட்டமும் பரம்பரையல்லாத அறங்காவலர் குழுவுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர் என்றுதான் வைத்திருக்கிறது. அதில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரும் பெண் ஒருவரும் இருக்க வேண்டும். துறைக்கு வெளியே உள்ள கோயிலும் இதே அமைப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

தகுதியிழப்புக்கு நம் மண்ணிலேயே சிறந்த மாதிரி இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (919, 921) குடவோலைக்குப் பேர் எழுதத் தகுதியுள்ளவரின் வயதை 35-க்கு மேல், 70-க்குக் கீழ் என்று வைத்தது. வாரியம் (சபையின் குழுப் பொறுப்பு) செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர் நெருங்கிய உறவினரையும் விலக்கியது. அண்மையில் மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவரையும் விலக்கியது. பொறுப்புக் காலம் 360 நாள். சொத்துத் தகுதியும் வேதப் படிப்புத் தகுதியும்கூட அதில் உண்டு. அவை சலித்தால் கீழே போய்விடும். கணக்குக் காட்டாதவருக்கும் உறவினருக்குமான தடை, இடைவெளி ஆண்டு, ஓராண்டுப் பொறுப்பு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாளரின் மைத்துனர் அடுத்த ஆண்டுப் பொருளாளர் ஆகும் வழக்கம் இதோடு நிற்கும்.

முதல் மரியாதைக்கும் அதே குடவோலை உதவும். பரிவட்டம், மாலை, முதல் தேங்காய் இவற்றைத் தனி மனிதருக்குக் கொடுப்பதை அறவே நிறுத்துவதுதான் மேல். நிறுத்த மனம் வராத ஊர் என்றால் எல்லாத் தலைக்கட்டின் பேரையும் ஓலையாகக் குடத்தில் போட்டு, காப்புக் கட்டும் நாளில் ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை வந்த வீட்டுச் சீட்டு எல்லா வீடும் முடியும்வரை குடத்துக்குள் திரும்பக் கூடாது.

பணம்

சிவன் சொத்து குல நாசம் என்று சொல்லாத வாய் இல்லை. மனுவும் தெய்வத்தின் பொருளை ஆசைப்பட்டு எடுத்தவன் மறுமையில் கழுகு தின்ற மிச்சத்தைத் தின்பான் என்கிறார் (11.26). பயமுறுத்தல் மட்டும் போதாது, புத்தகம் வேண்டும்.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு, கார்பன் நகலோடு அச்சடிக்க வேண்டும். எந்தப் புத்தகம் யாரிடம் போனது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்று ஒரு பதிவேடு வையுங்கள். தப்பான ரசீதைக் கிழித்து எறியக் கூடாது. குறுக்கே கோடு போட்டு இரு தாளையும் புத்தகத்திலேயே விட வேண்டும். வங்கிக் கணக்கு கோயில் அல்லது சங்கத்தின் பேரில் இருக்கட்டும், மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். ஜிபே வசதிக்காகப் பொருளாளரின் சொந்த எண்ணைக் கொடுப்பது இப்போது பரவலாகியிருக்கிறது. நாணயமான ஆளாக இருந்தாலும் செய்ய வேண்டாம். அவர் வீட்டுப் பணமும் சாமிப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிரித்துக் காட்ட அவராலேயே முடியாது. கோயில் கணக்கின் க்யூஆர் அட்டையை மட்டும் வையுங்கள்.

பூக்காரர், மேளக்காரர் போன்றவர்களிடம் பில் இருக்காது. அவர்களிடம் செலவுச் சீட்டில் பேர், வேலை, தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன்மேல் கையெழுத்து. நகைகளைக் கிராம் கணக்கில் எடை போட்டுப் படத்தோடு பட்டியல் எடுங்கள். அம்மனுக்குச் சாத்த வெளியே எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் எடை போட வேண்டும்.

அதிகம் கோட்டை விடுவது ஏலத்தில். திருவிழா முடிவில் எலுமிச்சம்பழம், அம்மன் சாத்திய சேலை, பானகக் குடம் என்று ஏலம் விடுவார்கள். வேகத்தில் ஒருவர் ஒரு பழத்தை 5,000-க்கு எடுப்பார். மாங்காய்ப் பணம் வந்ததும் தருகிறேன் என்பார். அடுத்த ஆண்டு வரும், பாக்கி நிற்கும், கேட்டால் பகை. கணக்கு எழுதுகிறவரும் அந்த 5,000-ஐ வரவாக எழுதியிருப்பார். கையில் பணம் குறையும், பழி பொருளாளர் மேல் விழும். 220 தலைக்கட்டு உள்ள ஊரில் வீட்டுக்கு 1,500 வரி என்று வையுங்கள். வரி 3,30,000. காணிக்கை 62,000. ஏலம் 45,000. மொத்தம் 4,37,000 என்று படித்துக் காட்டுவார்கள். ஏலத்தில் வந்தது 18,000-தான், 27,000 பாக்கி என்பது எங்கும் இருக்காது. இதைத் தடுக்கும் விதி எளிது: ‘ஏலம் கேட்டவர் அந்த இடத்திலேயே முழுத் தொகை செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் அடுத்துக் கேட்டவருக்குப் போகும். வராத பணம் வர வேண்டியது என்ற பக்கத்தில் மட்டும் எழுதப்படும்.’

காப்பு அவிழ்த்த 15 நாளுக்குள் வரவு செலவைக் கோயில் சுவரிலும் காலனியின் பொது இடத்திலும் ஒட்ட வேண்டும். கூட்டம் போட்டுப் படித்தால் போதும் என்று விடாதீர்கள். காதில் விழுந்த எண்ணை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

சாவும் தீட்டும்

காப்புக் கட்டிய பிறகு ஊரில் சாவு விழுந்தால் என்ன செய்வது? இதை முன்கூட்டி எழுதாத ஊரில் சாவு வீட்டாரை அவசரப்படுத்துவார்கள், பிணம் போகும் பாதையை மாற்றச் சொல்வார்கள், சில இடங்களில் வாய்ச்சண்டை கைகலப்பாகும்.

சாஸ்திரம் இதில் மனிதர்களைவிட இளகியது. விரதம் பூண்டவருக்கும் தொடர் வேள்வியில் இருப்பவருக்கும் தீட்டில்லை என்கிறார் மனு (5.93). தொடங்கிவிட்ட விரதம், வேள்வி, திருமணத்தை இடையில் வரும் தீட்டுத் தடுக்காது என்பது நிபந்த நூல்களில் ஊறிய கருத்து. ஆகவே திருவிழாவை நிறுத்தவும் வேண்டாம், சாவை மறைக்கவும் வேண்டாம். விதி இப்படி இருக்கலாம்: ‘சாவு நேர்ந்தால் உடல் எடுக்கும்வரை ஒலிபெருக்கியும் மேளமும் நிற்கும். பூசையை மட்டும் பூசாரி உள்ளே முடிப்பார். சுடுகாட்டுப் பாதை எந்த நாளிலும் யாருக்கும் மூடப்படாது. நேரம் குறிப்பது சாவு வீட்டார் உரிமை. அன்று எடுக்க வேண்டிய கரகமோ பூமிதியோ உடல் எடுத்த பிறகு, தேவையானால் மறுநாள் நடக்கும்.’ பூக்குழிக்கு விறகு அடுக்கி நெருப்பு வைத்துவிட்ட பிறகு சேதி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி எழுதுங்கள். சாவு வீட்டுக்குப் பொறுப்பாளர் இருவர் நேரில் போய்க் கேட்டு முடிவெடுப்பதுதான் சரி.

பங்காளிக்கு எத்தனை நாள் தீட்டு என்பதில் மனு வர்ணத்துக்கு ஒரு கணக்கு வைக்கிறார்: 10, 12, 15, 30 நாள். அந்தப் படிநிலை இன்றைக்கு வேண்டாம். துக்க வீட்டார் எத்தனை நாள் கோயிலுக்கு வராமல் இருப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அந்த வீட்டு வரியை ஓராண்டுக்குக் கேட்காமல் விடுவது நல்ல பழக்கம். மாதவிலக்கு பற்றிக் கோயில் வாசலில் நின்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். அது அந்தப் பெண்ணுக்கும் அம்மனுக்கும் இடையில் இருப்பது.

கோயிலில் கல்யாணம்

நம் இரு மாவட்டங்களிலும், மலையோர ஊர்களில் கூடுதலாக, குழந்தைத் திருமணம் இன்னும் முழுசாக ஒழியவில்லை. மண்டபத்தில் வயதுச் சான்று கேட்கிறார்கள் என்பதால் குலதெய்வக் கோயிலில் விடியற்காலையில் தாலி கட்டிவிடுவதும் உண்டு. பூசாரியும் கோயில் பொறுப்பாளரும் இதில் தப்ப முடியாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நடத்தி வைத்தவரையும் தண்டிக்கும்.

சிறு வயதில் கட்டிக்கொடுக்கச் சொல்லும் சுலோகங்கள் ஸ்மிருதிகளில் இருக்கின்றன. அதே மனு, குணமில்லாதவனுக்குக் கொடுப்பதைவிடப் பருவம் வந்த பெண் சாகும்வரை பிறந்த வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொல்கிறார் (9.89). சலித்தால் எது நிற்கும் என்பது தெளிவு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பியதற்குப் பிறப்புச் சான்றோ பள்ளி மாற்றுச் சான்றோ காட்டினால்தான் நாள் பதிவு. ஜாதகத்தில் உள்ள தேதியை ஏற்காதீர்கள். சான்றின் நகலைக் கோயில் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். சந்தேகம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

வயது வந்த இருவர் சாதி மாறிக் கட்டிக்கொண்டால் கோயில் சபைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று காலனிகள் எரிக்கப்பட்டன. அதன் பின்னணியில் இருந்தது ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் சாதி மாறித் தாங்களே முடிவு செய்துகொண்ட ஒரு கல்யாணம். இந்த மாவட்டத்தில் உடன்படிக்கை எழுதுகிற எவரும் அதை மறந்து எழுதக் கூடாது. ‘யாருடைய திருமணத்தையும் இச்சபை விசாரிக்காது. அதற்காக எந்தக் குடும்பத்தின் வரியையும் மறுக்காது, வழிபாட்டையும் தடுக்காது’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். வயது வந்தவர்களின் திருமணத்தில் சாதிச் சபைகள் தலையிடுவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

வழக்கைக் கேட்கும் முறை

சபை கேட்கலாம், கேட்கக் கூடாது என்ற எல்லையை முதலில் போடுங்கள். கோயில் பாக்கி, முறை, பொருள், பாதை, சத்தம் போன்றவற்றைக் கேட்கலாம். அடிதடி, பெண்கள் மீதான குற்றம், குழந்தைகள் மீதான குற்றம், சாதிக் கொடுமை எதையும் கேட்கக் கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். மந்தையில் வைத்துப் பேசி முடிப்பது அதனினும் மோசம்.

சபைக்குத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. உடன்படிக்கையை மீறியவனையும் பொதுப் பொருளைத் திருடியவனையும் நாடு கடத்தச் சொல்லும் மனுவும் யாக்ஞவல்கியரும் அதை அரசன் கையில்தான் கொடுக்கிறார்கள். ஊரைவிட்டுத் தள்ளி வைப்பது, தண்ணீரையும் கடையையும் நிறுத்துவது, காலில் விழச் சொல்வது, அபராதம் போடுவது எல்லாம் கட்டப்பஞ்சாயத்து. கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று தமிழகத்திலிருந்து போன ஆறுமுக சேர்வை வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவறு செய்தவர் தானாக முன்வந்து ஏரிக் கரைக்கு நாலு நாள் வேலை செய்கிறேன், தண்ணீர்ப் பந்தல் வைக்கிறேன் என்றால் அது பிராயச்சித்தம், ஏற்றுக்கொள்ளலாம். சபை வற்புறுத்தினால் அதுவே தண்டனையாகிவிடும்.

கேட்கும் முறைக்கு ஸ்மிருதிகள் நான்கு படி வைத்திருக்கின்றன: முறையீடு, பதில், ஆதாரம், தீர்ப்பு. கோயில் நிலத்துப் புளியமர ஏலத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு மரம், 40,000-க்கு ஏலம் போனது. எடுத்தவர் 25,000 கட்டியிருக்கிறார். பாக்கி 15,000 என்று பொறுப்பாளர் சொல்கிறார்.

முறையீட்டை எழுதி வாங்குங்கள்: தேதி, தொகை, ஏலச் சீட்டு எண். ஒரு நகலை எதிர்த் தரப்பிடம் கொடுத்து ஏழு நாள் அவகாசம் விடுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். பதில் நான்கு வகையில்தான் இருக்க முடியும் என்பது பழைய நூல்களின் அழகான கணக்கு. ஒப்புக்கொள்வது, மறுப்பது, ‘உண்மைதான், ஆனால்’ என்று காரணம் சொல்வது, ‘இது முன்பே தீர்ந்த வழக்கு’ என்பது. மறுத்தால் நிரூபிக்க வேண்டியவர் முறையிட்டவர். கடைசி இரண்டிலும் நிரூபிக்க வேண்டியவர் பதில் சொன்னவர். ஏலம் எடுத்தவர் ‘பழைய பொருளாளர் கையில் 15,000 கொடுத்துவிட்டேன்’ என்றால் அது மூன்றாம் வகை. கொடுத்ததைக் காட்டும் பொறுப்பு அவருடையது. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் மந்தையில் மூன்று மணி நேரக் கூச்சல் அரை மணியில் முடியும்.

ஆதாரம் மூன்று: எழுத்து, சாட்சி, அனுபோகம் (நெடுநாள் கைவசம் வைத்து அனுபவித்து வந்தது). முதலில் ரசீதுப் புத்தகத்தின் நகலைப் புரட்டுங்கள். இல்லையென்றால் பணம் கொடுத்தபோது உடனிருந்தவரைக் கேளுங்கள், பழைய பொருளாளரை நேரில் வைத்துக் கேளுங்கள். பொறுப்பாளரின் பங்காளியோ கடன்காரரோ கேட்கும் இடத்தில் உட்காரக் கூடாது. சபைக்குப் போகாமல் இருக்கலாம், போனால் உண்மை பேச வேண்டும், வாய் மூடி இருப்பவனும் பொய் சொல்பவனும் ஒன்றுபோல் பாவி என்கிறார் மனு (8.13). கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் பெரியவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முடிவைக் காரணத்தோடு எழுதி இரு தரப்புக்கும் கொடுங்கள். கடைசி வரியில் ‘இது சமரச முடிவு. ஏற்காதவர் நீதிமன்றம் செல்லலாம், அதனால் கோயிலில் அவர் உரிமை எதுவும் குறையாது’ என்று இருக்க வேண்டும். குலம், தொழிற்குழு, ஊர்ச்சபை, அரசன் என்று மேல்முறையீட்டுக்குப் படிகள் வைத்த மரபு இது. தன் தீர்ப்பே கடைசி என்று சொல்லும் ஊர்ச்சபை சாஸ்திரத்துக்கும் வெளியே நிற்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் செலவில்லாமல் சமரசம் பேசலாம். தொலைபேசி எண் 15100.

கையெழுத்தும் வாசிப்பும்

எழுதியதை உடனே கையெழுத்துக்கு வைக்காதீர்கள். ஒரு மாதம் சுவரில் ஒட்டி வைத்து ஆட்சேபணை கேளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்கு ஒருவர் கையெழுத்து அல்லது ரேகை, பக்கத்தில் வீட்டு எண். மூன்று அசல்: ஒன்று கோயிலில், ஒன்று காலனியில் பொறுப்பான ஒருவரிடம், ஒன்று வங்கிப் பெட்டகத்திலோ சங்கப் பதிவுக் கோப்பிலோ. திருவிழாவுக்கான போலீஸ் அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் வேறு காரியம். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு என்பதால், விடிய விடியப் பாரதக் கூத்து வைக்கிற ஊர் ஒலி ஏற்பாட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் முன்பே பேசி எழுத்தில் வாங்க வேண்டும்.

ஆண்டுதோறும் கணக்கு ஒட்டி முடிந்த பிறகு நடக்கும் கூட்டத்தில் உடன்படிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசியுங்கள். மாற்ற வேண்டிய விதியை மூன்றில் இரண்டு பங்கு தலைக்கட்டு ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்று வையுங்கள். காலனியும் ஊரே என்ற வரி, சுடுகாட்டுப் பாதை, திருமணத்தில் தலையிடாமை இந்த மூன்றையும் எந்தப் பெரும்பான்மையும் மாற்ற முடியாது என்று அந்த விதிக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.